கடற்காற்றில் பிரம்பு சோபா: எங்கே போட்டால் நிற்கும், எங்கே உளுத்துப்போகும்

மூன்று பேர் உட்காரும் சோபா ஒன்று, தனி நாற்காலி இரண்டு, கண்ணாடி பதித்த டீபாய் ஒன்று. தீவு வீடுகளுக்கென்று விற்கப்படும் இயற்கைப் பிரம்பு செட் பெரும்பாலும் இப்படித்தான் வரும். அதைத்தான் இங்கே எடைபோடுகிறோம். முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம்: கூரை இறக்கிய தாழ்வாரத்துக்கும், ஜன்னல் திறந்து காற்றோடும் கூடத்துக்கும் தாராளமாக வாங்கலாம். மழை நேராக விழும் மொட்டைமாடிக்கும் நீச்சல்குளத்தின் ஓரத்துக்கும் வேண்டவே வேண்டாம். இடைப்பட்ட இடங்களுக்கு ஒரே ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள்: சாரலில் நனைந்தால் அன்று மாலைக்குள் காயுமா? காயும் என்றால் பிரம்பு போடலாம்.

இந்தக் கேள்வி ஏன் என்பது பிரம்பின் உடம்பைப் பார்த்தால் புரியும். பிரம்பு பனைக் குடும்பத்தைச் சேர்ந்த ஏறுகொடி. மூங்கிலைப் போல உள்ளே கூடாக இருக்காது. தண்டு முழுக்க நிறைந்திருக்கும். அதனால்தான் ஆவியில் வேகவைத்தால் முறியாமல் வளைகிறது, ஸ்க்ரூவையும் பிடித்துக்கொள்கிறது. ஆனால் அந்த நிறைந்த தண்டுக்குள் நெடுக நீர்க்குழாய்கள் ஓடுகின்றன. ஒரு சாண் துண்டின் ஒரு முனையில் வாய் வைத்து ஊதினால் மறுமுனையில் காற்று வரும். வெளித்தோலில் சிலிக்கா இருப்பதால் அதன்மேல் தண்ணீர் வழிந்து ஓடிவிடும். வெட்டுமுனையோ விளக்குத்திரி மாதிரி உறிஞ்சும்.

ஆகவே இந்த செட்டில் முதலில் கெடுவது இருக்கையோ பின்னலோ அல்ல, கால் நுனி. தினமும் தரை துடைக்கும்போது தேங்கும் ஈரம் கீழிருந்து மேலேறும். ஆறங்குல உயரத்துக்குக் கறுப்பு படர்ந்தால் உள்ளே பூஞ்சணம் புகுந்துவிட்டது என்று பொருள். கடையில் மாட்டித் தரும் ரப்பர் குப்பி இதை மோசமாக்குகிறது. தரையில் கீறல் விழாமல் காக்கும், சரி. ஆனால் உள்ளே போன தண்ணீரை வெளியே விடாது. வாங்கி வந்த அன்றே செட்டைக் கவிழ்த்துப் போட்டு அந்தக் குப்பிகளைக் கழற்றுங்கள். வெட்டுமுனையை 220 நம்பர் உப்புத்தாளால் தேயுங்கள். படகுக்கு அடிக்கும் மரைன் வார்னிஷை முதல் பூச்சுக்குச் சரிபாதி தின்னர் கலந்து, முனை குடிக்கும் வரை தடவுங்கள். ஒரு நாள் காயவிட்டு, தின்னர் கலக்காமல் இன்னும் இரண்டு பூச்சு. ஒவ்வொரு பூச்சுக்கும் நடுவில் லேசாக உப்புத்தாள் ஓட்ட வேண்டும், இல்லையென்றால் அடுத்த பூச்சு ஒட்டாமல் உரியும். கடைசியில் ஆணியோடு வரும் தட்டையான நைலான் பொத்தானை அடித்தால் போதும். ஆணி இறங்கும் ஓட்டையிலும் ஒரு சொட்டு வார்னிஷ் விடுங்கள். அரை நாள் வேலைதான். இந்த செட்டின் ஆயுளை இதைவிட நீட்டிக்கும் வேலை வேறு எதுவும் இல்லை.

அடுத்தது உப்பு. கடற்காற்றில் வந்து படியும் உப்பு, காற்றின் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டியதும் தானாகவே ஈரத்தை இழுத்துக் கரையத் தொடங்கும். தீவுகளில் இரவு நேரத்தில் இந்த அளவு சாதாரணம். மழையே பெய்யாத மாதத்திலும் கைப்பிடி பிசுபிசுப்பது இதனால்தான். அந்தப் பிசுபிசுப்பில் தூசி ஒட்டும், தூசியைத் தின்று பூஞ்சணம் வளரும். வாரம் ஒருமுறை நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடைத்து, மின்விசிறியைப் போட்டுவிடுங்கள். பின்னலின் இடுக்குகளுக்குப் பெயின்ட் அடிக்கும் மெல்லிய பிரஷ் நன்றாக வேலை செய்யும். ஹோஸ் பைப்பால் பீய்ச்சியடிக்க வேண்டாம். தண்டுகள் ஒன்றோடொன்று சேரும் முட்டிகளைச் சுற்றியுள்ள கட்டுக்குள் தண்ணீர் புகுந்தால் நாட்கணக்கில் காயாது. பூஞ்சணம் வந்தேவிட்டால் வெள்ளை வினிகரும் தண்ணீரும் சரிபாதி கலந்து துடைத்துக் காற்றாட விடுங்கள். முதலில் மறைவான இடத்தில் தடவி, நிறம் மாறுகிறதா என்று பார்த்துக்கொள்வது நல்லது. பிளீச் பக்கம் போக வேண்டாம். கறை போகும்தான், ஆனால் நாரும் வலுவிழக்கும்.

இனி வாங்கும்போது பார்க்க வேண்டியவை. கச்சாப் பிரம்பு உலகில் அதிகம் கிடைப்பது இந்தோனேசியாவில். 2012 முதல் அந்த நாடு கச்சாப் பிரம்பை ஏற்றுமதி செய்வதைத் தடை செய்தது. அதனால் அங்கிருந்து நாற்காலியாகவும் சோபாவாகவும் முடிந்த பொருள்தான் கப்பலேறுகிறது. மேற்கு ஜாவாவின் சிரெபோன் இந்தத் தொழிலின் பேர்பெற்ற மையம். முடிந்த பொருள் வாரக்கணக்கில் மூடிய கன்டெய்னருக்குள் கிடக்கும். எனவே கண்ணுக்கு முன்னால் மூக்குக்கு வேலை கொடுங்கள். நாற்காலியைக் கவிழ்த்து, இருக்கையின் அடிப்பக்கத்தில் முகர்ந்து பாருங்கள். ஈரச் சாக்கு வாடை அடித்தால் அந்த உருப்படியை விட்டுவிடுங்கள், எவ்வளவு தள்ளுபடி கொடுத்தாலும் சரி. லேசான எண்ணெய் வாடை அடித்தால் பயப்பட வேண்டியதில்லை. தடித்த பிரம்பை வெட்டியதும் எண்ணெயில் வேகவைத்துப் பதப்படுத்துவது வழக்கம். அப்படிச் செய்யாத பிரம்பில் பூஞ்சணத்தால் வரும் நீலக்கறை சீக்கிரமே படரும்.

சட்டத்துக்கு நல்ல பிரம்பு மனாவ். கலாமஸ் மனான் என்ற கொடியின் தடித்த தண்டு அது. கால், கைப்பிடி, பின்சட்டம் ஆகிய பளு தாங்கும் இடங்களில் 28 முதல் 32 மில்லிமீட்டர் கனம் இருக்க வேண்டும். 25க்குக் கீழே போனால் மூவர் உட்காரும் சோபாவின் நடுப்பகுதி தொய்யும். சோபாவுக்கு நடுவில் ஐந்தாவது, ஆறாவது கால்கள் உண்டா என்று குனிந்து பாருங்கள். இல்லையென்றால் அது இருவர் சோபா, அவ்வளவுதான்.

முட்டிகளில் பிரம்புப் பட்டை சுற்றியிருப்பது பார்க்க அழகு. ஆனால் வலு வருவது அதற்குள் இருக்கும் ஸ்க்ரூவாலும் பசையாலும். பட்டைக்கு அடியில் வெறும் சிற்றாணியோ ஸ்டேப்பிளோ மட்டும் இருந்தால், ஈரத்தில் ஊதியும் வெயிலில் சுருங்கியும் பிடி விட்டுப்போகும். பிரித்துப் பார்க்க முடியாதே என்றால் ஒரு சோதனை இருக்கிறது. முன்கால் ஒன்றை மட்டும் ஒரு சாண் உயரத்துக்குத் தூக்குங்கள். அதற்குள் மற்ற முன்காலும் தரையை விட்டு எழுந்துவிட வேண்டும். எழாமல் சட்டம் முறுக்கிக்கொண்டால் முட்டி பலவீனம். கிரீச் சத்தம் கேட்டாலும் அப்படியே. ஸ்க்ரூ துருப்பிடிக்காத எஃகாக இருக்கட்டும். அதிலும் கடலுக்குப் பக்கத்தில் 304 தரத்தைவிட, மாலிப்டினம் கலந்த 316 மேல். 304இல் மேலோட்டமாகப் பழுப்புக்கறை படியும், அது வெளிர்நிறப் பிரம்பில் வழிந்து இறங்கும்.

வெள்ளைத் தாளை அடியில் விரித்துச் சட்டத்தை உள்ளங்கையால் தட்டுங்கள். மாவு போன்ற தூள் உதிர்ந்தால், குண்டூசி முனை அளவு ஓட்டைகள் தெரிந்தால், உளு வண்டு உள்ளே இருக்கிறது. பிரம்பின் உட்பகுதியில் இருக்கும் மாவுச்சத்துக்காகத்தான் அது வருகிறது. போராக்ஸ் கலந்த கரைசலில் ஊறவைத்துப் பதப்படுத்தியதா என்று விற்பவரிடம் கேளுங்கள். வார்னிஷ் அடித்த பிறகு மேலே தெளித்துப் பயனில்லை, மருந்து உள்ளே இறங்காது. ஓட்டை ஓட்டையாக ஊசிக்குழாயால் ஏற்ற வேண்டிவரும். அத்தனை பாடுபட்டும் ஒன்றிரண்டு தப்பித்தால் வீட்டிலுள்ள மற்ற பிரம்புக்கும் மூங்கிலுக்கும் போகும்.

நிறத்தைப் பொறுத்தவரை எங்கள் வாக்கு தோல் உரிக்காத, தேன் நிறப் பிரம்புக்குத்தான். தோல் உரித்து வழுவழுப்பாக்கிய தண்டு சாயத்தை நன்றாக ஏற்கும், ஆனால் ஈரத்தையும் அதே வேகத்தில் ஏற்கும். தோலோடு இருக்கும் தண்டில் வெள்ளை பெயின்ட் அடித்த செட்டுகள் படங்களில் மனதை அள்ளும். சிலிக்காத் தோல் பெயின்ட்டைப் பிடிக்காது. உட்கார்ந்து எழும் இடங்களில் சீக்கிரமே செதில் செதிலாக உதிரத் தொடங்கும்.

செயற்கைப் பிரம்போடு ஒப்பிடாமல் இந்த விமர்சனம் முடியாது. பவுடர் கோட்டிங் செய்த அலுமினியச் சட்டத்தில் பாலிஎத்திலீன் இழையால் பின்னிய செட், வெட்டவெளிக்கு நேர்மையான தேர்வு. மழையும் உப்பும் அதை ஒன்றும் செய்யாது. ஆனால் இழை பிவிசியாக இருந்தால் விலகிவிடுங்கள். அதை மிருதுவாக வைத்திருக்கும் சேர்மானம் வெயிலில் வெளியேறிவிடும், பிறகு இழை மொறமொறவென்று உடையும். அடிப்பக்கத்தில் வெட்டிவிட்ட இழை முனையைப் பாருங்கள். உள்ளும் புறமும் ஒரே நிறமாக இருக்க வேண்டும். மேலே மட்டும் நிறம் என்றால் அது பூச்சு, வெளுக்கும். சட்டம் இரும்பா என்று காந்தம் வைத்துப் பார்ப்பதும் அவசியம். இழை நன்றாக இருந்து உள்ளே இரும்பு துருப்பிடித்தால் மொத்தமும் குப்பைக்குத்தான். வீட்டுக்குள் மட்டும் இதைப் பரிந்துரைக்க மாட்டோம். இயற்கைப் பிரம்பின் கணுக்களும் நிற வேறுபாடும் தரும் நிறைவு அதில் இல்லை. கருநிற இழை வெயில் பட்டால் தொடையைச் சுடும்.

குஷனில்தான் பெரும்பாலான செட்டுகள் சறுக்குகின்றன. சட்டத்துக்கு உழைத்தவர்கள் மெத்தைக்குள் சாதாரண ஸ்பாஞ்சைத் திணித்துவிடுகிறார்கள். அது தண்ணீரை உறிஞ்சி அப்படியே வைத்துக்கொள்ளும், அந்த ஈரம் அடியிலுள்ள பின்னலுக்கு இறங்கும். தாழ்வாரத்துக்குப் பெரிய துளைகள் கொண்ட, தண்ணீர் வடியும் ஃபோம் கேளுங்கள். 10 முதல் 12 சென்டிமீட்டர் கனம் போதும். உறையின் அடிப்பக்கம் வலைத்துணியாக இருந்தால் இன்னும் நல்லது. மேல்துணி, நூலாக்கும்போதே சாயம் ஏற்றிய அக்ரிலிக்காக இருந்தால் வெயிலில் எளிதில் வெளுக்காது. ஜிப் நைலானாக இருக்கட்டும், உலோக ஜிப் உப்பில் இறுகிவிடும். இலவம்பஞ்சு சுகமானது, மறுக்கவில்லை. ஆனால் ஈரக்காற்றில் கட்டி கட்டியாகும். அடிக்கடி வெயிலில் காயவைக்க ஆள் இருந்தால் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

நாற்காலியின் முதுகிலும் இருக்கையிலும் வரும், சின்னச் சின்னத் துளைகள் விட்ட கண்ணறைப் பின்னல்தான் இந்த செட்டின் உயிர். வெப்பமண்டல வீட்டில் முதுகுக்குப் பின்னால் காற்று புகுந்து வெளியேறுவது ஒரு பெரிய வசதி. பஞ்சு வைத்துத் தைத்த சோபாவில் அது கிடைக்கவே கிடைக்காது. அதனால் முதுகுத் திண்டு வேண்டாம் என்பது எங்கள் அபிப்பிராயம். இருக்கைக்கு மெத்தை, முதுகுக்கு வெறும் பின்னல். பின்னல் தொய்ந்தால் பதற வேண்டாம். நாற்காலியைக் கவிழ்த்து, பளபளப்பில்லாத அடிப்பக்கத்தில் சுடுதண்ணீரில் நனைத்த துணியை அரைமணி நேரம் போட்டு, எடுத்துவிட்டு ஒரு நாள் யாரும் உட்காராமல் நிழலில் காயவிடுங்கள். நார் சுருங்கி இழுத்துக்கொள்ளும். அறுந்துபோனால் மட்டுமே மாற்ற வேண்டும். பின்னலின் ஓரத்தைச் சட்டத்தின் பள்ளத்தில் பிடித்துவைக்கும் பழைய விளிம்புக் குச்சியை உளியால் நெம்பி எடுத்து, பள்ளத்தைச் சுத்தம் செய்து, ஊறவைத்த புதுப் பின்னலை மர ஆப்பால் பள்ளத்துக்குள் இறக்கி, மரப்பசை விட்டுப் புதுக் குச்சியை அடிக்க வேண்டும். பின்னலைக் கையால் முறுக்கி இழுக்கக் கூடாது. காயும்போது அது தானே இறுகும். ஏற்கெனவே இழுத்திருந்தால் விளிம்பில் அறுந்துவிடும்.

ஏசி அறையில் போடுகிறீர்கள் என்றால் எதிர்ப்பக்கத்துச் சிக்கல் வரும். வறண்ட காற்றில் நார் உடையும், தண்டில் மயிரிழை வெடிப்பு விழும். ஏசி குளிரை நேராக வாங்கும் இடத்தில் போடாதீர்கள். அறைக்கும் தாழ்வாரத்துக்கும் மாறி மாறித் தூக்கிப்போடுவதும் முட்டியைத் தளர்த்தும். சுவரோடு ஒட்டாமல் பத்து சென்டிமீட்டர் இடைவெளி விட்டால் பின்பக்கம் பூஞ்சணம் பிடிக்காது.

அறை அலங்காரத்தில் ஒரு எச்சரிக்கை: எல்லாமே பிரம்பாக வேண்டாம். பிரம்பு விளக்கு, பிரம்புக் கண்ணாடிச் சட்டம், பிரம்பு அலமாரி என்று அடுக்கினால் அறைக்குக் கனமே இல்லாமல் போகும். ஜன்னலுக்கு வெளியே வாழையும் தென்னையும் நிற்கும் வீட்டில் இலை அச்சிட்ட குஷனும் தேவையில்லை. வெளுத்த மண் நிறம், மங்கிய கடல் நீலம் போதும். பச்சை வெளியிலிருந்து வரட்டும்.

அந்தக் கனத்துக்காகவே, நான்கு உருப்படிகளையும் சேர்த்து வாங்க வேண்டியதில்லை என்கிறோம். தனி நாற்காலிகள் இரண்டும் முதல் தரம். சோபா, நடுக்கால் இருந்தால் மட்டும். டீபாயைத் தவிர்த்துவிட்டு அந்த இடத்தில் கெட்டியான மரப்பலகை மேசை ஒன்றைப் போடுங்கள். கண்ணாடிக்கும் பிரம்புக்கும் நடுவில் குளிர்பானத்தின் வேர்வைநீர் இறங்கி மாட்டிக்கொண்டு, வட்ட வட்டமாகக் கறுக்கும். ஏற்கெனவே வாங்கிவிட்டவர்கள் கண்ணாடியின் நான்கு மூலைகளுக்கும் அடியில் மூன்று மில்லிமீட்டர் சிலிகான் பொட்டு ஒட்டினால், இடையில் காற்று போய்வரும்.