பெரிய எஞ்சின் ஆசையில் அப்பாவின் மாருதி 800-ஐ முடக்கிவிட்டேன், நீங்கள் ஏமாறாதீர்கள்

கும்பகோணம், மன்னார்குடி, திருவாரூர் பக்கம் யாராவது உங்கள் சின்னக் காரில் பெரிய எஞ்சின் மாற்றித் தருகிறேன் என்று சொன்னால், அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். எனக்கு 87,000 ரூபாய் போனது. பணம்கூடப் பெரிதில்லை. அப்பா 2005-இல் ஆசையாக எடுத்த வண்டி களத்து மூலையில் தார்ப்பாய் போர்த்தி நிற்கிறது. அதைப் பார்க்கும்போதெல்லாம் வயிறு எரிகிறது.

எங்கள் ஊர் வலங்கைமான் பக்கம். வண்டிக்கு ஒரு குறையும் இல்லை. ஏசி போட்டு ஐந்து பேர் ஏறினால் மட்டும் அந்த 796 சிசி எஞ்சின் திணறும். அம்மாவை மாதம் இரண்டு தடவை தஞ்சாவூர் மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போக வேண்டியிருந்தது. வண்டியை விற்கவும் மனசு வரவில்லை. சம்பா நெல் விற்ற பணம் கையில் இருந்த நேரம் பார்த்து ஒரு பட்டறைக்காரர் ஆசை காட்டினார். "மாருதி எஸ்டீம் காரோட 1300 சிசி எஞ்சின், 85 குதிரைத்திறன். 800 எடைக்குப் பறக்கும் அண்ணே. ஆர்.சி. வேலையும் நானே முடிச்சுத் தர்றேன்."

எஞ்சின், கியர்பாக்ஸ், வயரிங், கூலி எல்லாம் சேர்த்து 72,000. ஆர்.சி.க்குத் தனியாக 15,000. பில் கேட்டதற்கு ஒரு துண்டுச் சீட்டில் தொகையை மட்டும் எழுதிக் கொடுத்தார். அதை வாங்கிக்கொண்டு வந்தது என் தப்பு.

பத்து நாள் வண்டி நன்றாகவே ஓடியது. மார்ச் மாதம், நல்ல உச்சி வெயிலில் அம்மாவோடு மன்னார்குடி போகும்போது நீடாமங்கலம் ரயில்வே கேட்டில் மாட்டிக்கொண்டோம். அந்த கேட்டைத் தெரிந்தவர்களுக்குச் சொல்ல வேண்டாம், மூடினால் எப்போது திறக்கும் என்று யாருக்கும் தெரியாது. அம்மாவுக்காக ஏசியை நிறுத்தாமல் வைத்திருந்தேன். வெப்பமானி முள் சிவப்புக்கு ஏறியதை நான் கவனிப்பதற்குள் பானெட்டிலிருந்து ஆவி கிளம்பிவிட்டது. பின்னால் நின்ற லாரிக்காரர்கள் இறங்கி வந்து வண்டியை ஓரம் தள்ளிவிட்டார்கள். அம்மா புளியமரத்து நிழலில் முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தார்.

மன்னார்குடியில் வயதான மெக்கானிக் ஒருவரிடம் கட்டி இழுத்துப் போனேன். ஆயில் பால் கலந்த டீ மாதிரி இருந்தது. அதில் தண்ணீர் கலந்துவிட்டது, எஞ்சின் பிளாக்குக்கும் மேலே இருக்கும் ஹெட்டுக்கும் நடுவில் உள்ள ஹெட் கேஸ்கட் போய்விட்டது என்றார். மூன்று சிலிண்டர் 800-இன் சின்ன ரேடியேட்டரை மாற்றாமலே நான்கு சிலிண்டர் எஞ்சினைப் பூட்டியிருக்கிறார்கள். பிளாக், ஹெட் இரண்டுமே அலுமினியம் என்பதால் சூடு தாங்காது. பிரேக்கையும் தொடவில்லை. எஞ்சினைத் தாங்கும் மவுண்டுக்குப் பட்டையை வெட்டி வெல்டிங் வைத்திருந்தார்கள், ஒன்றில் ஏற்கெனவே விரிசல் விட்டிருந்தது.

அப்புறம் அவர் பிளாக்கை மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்து, சாக்பீஸ் தேய்த்து நம்பரைக் காட்டினார். எஸ்டீம் எஞ்சின் நம்பர் ஜி13 என்று ஆரம்பிக்கும். இதில் ஜி10 என்று இருந்தது. அதாவது மாருதி ஜென் காரின் 993 சிசி எஞ்சின். இரண்டும் ஒரே குடும்பம், வெளியிலிருந்து பார்த்தால் நம்மைப் போன்றவர்களுக்கு வித்தியாசம் தெரியாது. நம்பரின் கடைசி எழுத்துகளை உப்புத்தாள் போட்டுத் தேய்த்திருந்தார்கள். அது யார் வண்டியிலிருந்து வந்தது, திருட்டு வண்டியா, இன்றுவரை எனக்குத் தெரியாது. அன்று இரவு தூக்கமே வரவில்லை.

பட்டறைக்குப் போய், என் பழைய எஞ்சினையாவது கொடுங்கள் என்றேன். "அது அப்பவே எடைக்குப் போயிடுச்சே அண்ணே, அதைக் கழிச்சுத்தானே ரேட்டு சொன்னேன்" என்றார். அப்படி ஒரு வார்த்தை அவர் முன்பு சொன்னதே இல்லை.

2025-இல் ஆர்.சி. புதுப்பிக்க வேண்டிய வண்டி அது. ஆர்.டி.ஓ. ஆபீசில் விசாரித்தபோதுதான் முழு விவரமும் புரிந்தது. மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆவது பிரிவின்படி, கம்பெனி கொடுத்த விவரத்திலிருந்து வண்டி மாறக் கூடாது. உச்ச நீதிமன்றமும் 2019 ஜனவரியில் இதை உறுதி செய்திருக்கிறது. மீறினால் ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். அந்தத் தண்டனை பட்டறைக்காரருக்கு இல்லை, வண்டியின் சொந்தக்காரருக்கு. பிரேக் இன்ஸ்பெக்டர் (மோட்டார் வாகன ஆய்வாளர்) பானெட்டைத் திறந்ததும் எஞ்சின் நம்பரைத்தான் பார்ப்பார். ஆக, சொன்னபடி எஸ்டீம் எஞ்சினையே போட்டிருந்தாலும் ஆர்.சி. மாறியிருக்காது. அந்த 15,000 முழுப் பொய். நம்பர் பொருந்தாத வண்டி விபத்தில் சிக்கினால் இன்சூரன்ஸ்காரர்கள் கையை விரிக்கவும் இடம் இருக்கிறது. அம்மாவை வைத்துக்கொண்டு பத்து நாள் அப்படித்தான் ஓட்டியிருக்கிறேன்.

நல்ல வேளை, 60,000 ரூபாயை ஜிபே-யில் அனுப்பியிருந்தேன், அதற்கு ஆதாரம் இருக்கிறது. திருவாரூர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுத்திருக்கிறேன். ஐந்து லட்சம் வரையிலான வழக்குக்குக் கட்டணம் கிடையாது, இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். இதே மாதிரி ஏமாந்தவர்கள் பில் இல்லையே என்று சும்மா இருந்துவிடாதீர்கள்.

உங்கள் 800-இன் சொந்த எஞ்சின் இன்னும் உங்களிடம் இருந்தால், எவ்வளவு பழசானாலும், எவ்வளவு விலை சொன்னாலும் பட்டறையில் விட்டுவிட்டு வராதீர்கள். ஆர்.சி.யில் இருக்கும் நம்பர் அதில்தான் இருக்கிறது. நான் இப்போது எஃப்8 என்று நம்பர் தொடங்கும் 800 எஞ்சின் ஒன்றை, முறையான பில்லோடு, தேடிக்கொண்டிருக்கிறேன். இந்தப் பக்கம் யாருக்காவது தெரிந்தால் சொல்லுங்கள்.