பழைய பெயர், புது வண்டி: ஜாவாவா, இன்டர்செப்டரா, கோல்டு ஸ்டாரா, சேத்தக்கா?

2018 நவம்பரில், ஒரே வாரத்தில், இரண்டு பழைய பெயர்கள் இந்தியச் சாலைக்கு வந்தன. ராயல் என்ஃபீல்டு தன் இன்டர்செப்டர் 650-க்கு இங்கே விலை அறிவித்தது. மைசூர் ஆலை 1996-ல் மூடப்பட்டதோடு மறைந்துபோன ஜாவா, மஹிந்திரா குழுமத்தின் கிளாசிக் லெஜண்ட்ஸ் நிறுவனம் வழியாகப் புது உடம்போடு திரும்பியது. பிறகு சேத்தக் வந்தது, யெஸ்டி வந்தது, லூனா வந்தது, 2024 ஆகஸ்டில் பிஎஸ்ஏ கோல்டு ஸ்டாரும் வந்து சேர்ந்தது. பழைய பெயர் உள்ள வண்டிதான் வேண்டும் என்று கிளம்புகிறவருக்கு இன்று தேர்வுகள் தாராளம்.

இந்தக் காற்று நம்மூரில் மட்டும் அடிக்கவில்லை. பனியில் ஓடும் ஸ்னோமொபைல்களில்கூட போலாரிஸ் நிறுவனம் ‘இண்டி’ என்ற பெயரை 2013 மாடலில் மறுபடி எடுத்தது. யமஹா தன் 1984 ‘ஃபேஸர்’ பெயரை 2007-ல் நான்கு ஸ்ட்ரோக் எஞ்சினோடு மீட்டது. காரணம் எங்கும் ஒன்றுதான். புதுப் பெயர் ஒன்றை மக்கள் மனத்தில் பதிய வைக்கப் பணமும் வருடங்களும் வேண்டும். பழைய பெயர் ஏற்கெனவே பதிந்து கிடக்கிறது. அன்று அப்பாவுக்குப் பின்னால் இடுப்பைப் பிடித்து உட்கார்ந்திருந்த பிள்ளைகளுக்கு இன்று சம்பளம் வருகிறது.

குதிரைத்திறன், மைலேஜ் கணக்கெல்லாம் எங்கும் கிடைக்கும். நான் பார்க்க விரும்புவது வேறு: அந்தப் பெயரை மக்கள் எதற்காகக் கொண்டாடினார்களோ, அது புது வண்டியில் இருக்கிறதா?

ஜாவாவிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் அதிகம் ஏங்க வைத்த பெயர் அதுதான். மைசூர் யாதவகிரியில் ஐடியல் ஜாவா ஆலை 1960-களின் தொடக்கத்தில் இயங்கத் தொடங்கியது. செக் நாட்டு வடிவமைப்பு; 250 சிசி, இரண்டு ஸ்ட்ரோக், ஒற்றை சிலிண்டர். சிலிண்டர் ஒன்றே என்றாலும் இரண்டு பக்கமும் சைலன்சர் நீண்டிருக்கும். இடது பக்கம் ஒரே ஒரு லீவர். அதை உள்ளே தள்ளிப் பின்னால் திருப்பினால் கிக்கர். ஸ்டார்ட் ஆனதும் முன்னால் இறக்கினால் அதுவே கியர். காலால் கியர் மாற்றும்போதே கிளட்ச்சும் விடுபடும் அமைப்பு என்பதால், பழகியவர்கள் கிளட்ச் லீவரைத் தொடாமலே ஓட்டுவார்கள். பெட்ரோலில் ஆயில் கலந்து ஊற்ற வேண்டும். கரி அடைத்து இழுவை குறைந்தால் மெக்கானிக் சைலன்சரைக் கழற்றி நெருப்பில் சுட்டுத் தட்டிப் போடுவார். தெருமுனை திரும்பும் முன்பே இன்னார் வருகிறார் என்று வீட்டுக்குள் இருப்பவர்களுக்குச் சத்தத்திலேயே தெரிந்துவிடும்.

2018-ல் வந்த ஜாவா 293 சிசி, நான்கு ஸ்ட்ரோக், லிக்விட் கூலிங், 27 குதிரைத்திறன். பக்கவாட்டில் நின்று பார்த்தால் செய்நேர்த்தி கண்ணை நிறைக்கிறது. அடர்சிவப்பு டேங்க், அதில் குரோம் பூச்சு, வட்ட ஹெட்லைட், கோடு தவறாத மட்கார்டு. இரண்டு சைலன்சர்களும் ஒப்புக்கு ஒட்டியவை அல்ல. ஒற்றை சிலிண்டரில் புகை வெளியேற இரண்டு வழிகள் வைத்தே வடிவமைத்திருக்கிறார்கள். இந்த அக்கறைக்குத் தலைவணங்கலாம். ஆனால் ஓட்டும்போது அது வேறு வண்டி. எஞ்சின் உயர்ந்த சுற்றுகளில்தான் மலர்கிறது; விரட்டு, விரட்டு என்கிறது. பழைய ஜாவா அப்படி ஓட்டுகிற வண்டி இல்லை. இரண்டு ஸ்ட்ரோக் சத்தம் இல்லையே என்று குறை சொல்வது நியாயமல்ல, இன்றைய மாசு விதிகளுக்குள் அதைக் கொண்டுவர வழியில்லை. ஓட்டத்தின் சுபாவத்தையாவது காத்திருக்கலாம்.

அதனால்தான் 2024 ஜனவரியில் வந்த ஜாவா 350 எனக்குக் கூடுதலாகப் பிடிக்கிறது. 334 சிசி, 22.5 குதிரைத்திறன்தான். காகிதத்தில் பார்த்தால் பின்வாங்கியது போலத் தெரியும். சாலையில் கீழ்ச் சுற்றிலேயே இழுக்கிறது, நான்காவது கியரில் நிதானமாகப் போகவிடுகிறது. பலம் குறைந்த இந்த வண்டிதான் பெயருக்குப் பொருந்துகிறது. இதே நிறுவனத்தின் ‘பெராக்’ பற்றி அப்படிச் சொல்ல முடியாது. 1946-ல் செக் நாட்டில் அந்தப் பெயரோடு வந்தது, பின்சக்கரத்துக்கு ஸ்பிரிங் வைத்த, அன்றாடம் ஓட்டுவதற்கான 250 சிசி வண்டி. இன்றைய பெராக் தாழ்ந்த ஒற்றை சீட்டோடு வரும் ‘பாபர்’ (bobber) ரக வண்டி. இரண்டுக்கும் பெயரைத் தவிர ஒட்டில்லை.

இனி இன்டர்செப்டர். வேடிக்கை என்னவென்றால் நம்மூரில் யாருக்கும் இந்தப் பெயரோடு பழைய நினைவு கிடையாது. 1960-களில் இங்கிலாந்தில் ராயல் என்ஃபீல்டு செய்த பழைய இன்டர்செப்டர் அமெரிக்கச் சாலைகளை மனத்தில் வைத்துச் செய்யப்பட்டது. 700 சிசி-யைத் தொட்டும் தாண்டியும் போன இரட்டை சிலிண்டர் வண்டி. 1970-ல் இங்கிலாந்து உற்பத்தி நின்றது, பெயரும் நின்றது. நமக்குத் தெரிந்ததெல்லாம் திருவொற்றியூர் புல்லட் மட்டுமே.

ஆனால் ஒப்பிட்டுப் பார்த்தால், பெயருக்கு மிக நேர்மையாக நடந்துகொண்ட பைக் இதுதான். பழையது சொன்ன வாக்கு: பெரிய இரட்டை சிலிண்டர், நீண்ட சாலை, கையைக் கடிக்காத விலை. புதியது 648 சிசி இரட்டை சிலிண்டர், காற்றும் ஆயிலும் குளிர்விக்கும் எஞ்சின், 47 குதிரைத்திறன், 6 கியர். 2018-ல் இங்கே 2.50 லட்சம் ரூபாய்க்கு வந்தபோது அந்த விலையில் இரட்டை சிலிண்டர் 650 வேறெதுவும் இல்லை. டேங்கைக் குரோமில் கேட்டாலும் சரி, ஆரஞ்சில் கேட்டாலும் சரி, அது அலங்காரம்தான். சாரம் எஞ்சினில் இருக்கிறது. இங்கிலாந்திலும் சென்னையிலும் இருந்த பொறியாளர்கள் சேர்ந்து புதிதாக வடிவமைத்த எஞ்சின் அது. அமெரிக்காவில் மட்டும் இந்தப் பெயர் இவர்களுக்குக் கிடைக்கவில்லை, அங்கே இன்டர்செப்டர் என்ற பெயரின் உரிமை ஹோண்டாவிடம் இருப்பதால் ஐஎன்டி650 என்று விற்கிறார்கள். எந்த நாட்டுக்காக அந்தப் பெயர் வைக்கப்பட்டதோ அந்த நாட்டில் பெயர் இல்லாமல் ஓடுகிறது. வண்டியின் மதிப்பு அதனால் குறையவும் இல்லை.

இந்த இடத்தில் புல்லட்டைப் பற்றி ஒரு வார்த்தை. அது திரும்பி வந்த பெயரல்ல, 1932 முதல் அறுபடாமல் வருவது. ஆனால் உள்ளே என்னவெல்லாம் மாறிவிட்டது! வலது காலில் இருந்த கியர் இடது பக்கம் போனது. குதிகாலால் ஒரு மிதி மிதித்தால் எந்த உயர் கியரிலிருந்தும் நியூட்ரலுக்குக் கொண்டுவரும் அந்தச் சின்ன லீவர் போனது. ஆம்பியர் முள்ளை நடுவுக்குக் கொண்டுவந்து, சிலிண்டர் அழுத்தத்தை விடுவிக்கும் டீகம்ப்ரஸரைப் பிடித்து, பிஸ்டனைத் தள்ளி, பிறகு உதைக்கும் வித்தையும் போனது. வார்ப்பிரும்பு எஞ்சின் போய், 2023 செப்டம்பரில் வந்த புல்லட் 350-ல் 349 சிசி புது எஞ்சின். இத்தனை மாற்றத்தையும் மக்கள் ஏற்றுக்கொண்டார்கள். ஒவ்வொரு மாற்றத்தின்போதும் அந்தப் பெயர் சாலையில் ஓடிக்கொண்டிருந்தது என்பதே காரணம் என்று நினைக்கிறேன். இருபது வருடம் காணாமல் போய் வந்தவரிடம்தான் பழைய முகம் இருக்கிறதா என்று உற்றுப் பார்க்கிறோம்.

கோல்டு ஸ்டார் கதை இன்னும் விநோதம். பர்மிங்ஹாம் பிஎஸ்ஏ நிறுவனத்தின் பந்தயப் புகழ் வாய்ந்த வண்டி அது. 1938-ல் தொடங்கி 1960-களின் தொடக்கம் வரை வந்தது. கிளாசிக் லெஜண்ட்ஸ் 2016-ல் பிஎஸ்ஏ பெயரை வாங்கி, 2021 டிசம்பரில் இங்கிலாந்தில் புது கோல்டு ஸ்டாரைக் காட்டியது. 652 சிசி ஒற்றை சிலிண்டர், 45 குதிரைத்திறன், 55 நியூட்டன் மீட்டர் இழுவை. 2024-ல் இங்கே வந்தபோது தொடக்க விலை 2.99 லட்சம்.

பிஎஸ்ஏ என்று சொன்னதும் தமிழ்நாட்டில் எத்தனை பேருக்குப் பந்தய மோட்டார் சைக்கிள் நினைவுக்கு வரும்? நமக்கு பிஎஸ்ஏ என்றால் அம்பத்தூர் டிஐ சைக்கிள்ஸ் செய்த மிதிவண்டி. பிஎஸ்ஏ எஸ்எல்ஆர், பிறகு லேடிபேர்டு. பத்தாம் வகுப்பில் நல்ல மார்க் வாங்கினால் கிடைக்கும் என்று சொல்லப்பட்ட அந்தச் சைக்கிள். ஒரே மூன்றெழுத்து, ஆங்கிலேயருக்கு ஒரு நினைவு, நமக்கு முற்றிலும் வேறொன்று. ஆகவே இங்கே கோல்டு ஸ்டார் வாங்குகிறவர் யாரோ ஒருவருடைய கடந்த காலத்துக்கும் சேர்த்துப் பணம் கட்டுகிறார். அதை ஒதுக்கிவிட்டு வண்டியாக மட்டும் பார்த்தால், பெரிய ஒற்றை சிலிண்டரின் கனமான துடிப்பைத் தேடுகிறவருக்கு இன்டர்செப்டரைவிட இது இனிக்கும். நெடுஞ்சாலையில் மணிக்கணக்கில் போகிறவருக்கு இன்டர்செப்டரின் மென்மைதான் சுகம். சர்வீஸுக்கு ஊருக்கு ஊர் ஆள் கிடைப்பதிலும் ராயல் என்ஃபீல்டு பக்கத்தில் யாரும் வர முடியாது. நான் இன்டர்செப்டர் பக்கம்.

யெஸ்டியைச் சீக்கிரம் கடந்துவிடலாம். 2022 ஜனவரியில் அட்வென்ச்சர், ஸ்கிராம்ப்ளர், ரோட்ஸ்டர் என்று மூன்றாக வந்தது. அதே மைசூர் ஆலையின் பழைய யெஸ்டியான ரோடுகிங்கை ஓட்டியவர்கள் தேடியது இவற்றில் எதிலும் அவ்வளவாக இல்லை. அட்வென்ச்சர் மட்டும் தன்னளவில் நல்ல வண்டி. பெயரே வழக்குக்குப் போனது. அது மூடப்பட்ட ஐடியல் ஜாவாவுக்கு உரியது என்று கர்நாடக உயர் நீதிமன்றத்தின் தனி நீதிபதி 2022 டிசம்பரில் தீர்ப்பளிக்க, விவகாரம் மேல்முறையீட்டுக்கு நகர்ந்தது. அந்த ஆலைத் தொழிலாளர்களின் உழைப்பில் உருவான பெயர் என்பதால், அந்த வழக்கை வெறும் வியாபாரச் சண்டையாக என்னால் பார்க்க முடியவில்லை.

கடைசியாக சேத்தக். பழசுக்கும் புதுசுக்கும் இவ்வளவு தூரம் வேறெந்த வண்டியிலும் இல்லை. 1972-ல் வந்த பஜாஜ் சேத்தக் இரண்டு ஸ்ட்ரோக். இடது கைப்பிடியைத் திருகி கியர் மாற்ற வேண்டும். ஸ்டார்ட் ஆகவில்லை என்றால் ஒரு பக்கம் சாய்த்து நிமிர்த்தி உதைக்க வேண்டும். கூடவே ஒரு ஸ்டெப்னி. 2020 ஜனவரியில் வந்தது மின்சார ஸ்கூட்டர். எஞ்சின் இல்லை, கியர் இல்லை, கிக்கர் இல்லை, சத்தம்கூட இல்லை. ஆனாலும் பெயருக்கு மிகவும் விசுவாசமானது எது என்று கேட்டால் இன்டர்செப்டருக்கும் முன்னால் இதைத்தான் வைப்பேன். சேத்தக்கை யாரும் அழகுக்காகவோ வேகத்துக்காகவோ வாங்கவில்லை. முன்னால் நின்றுகொண்டு ஒரு பிள்ளை, பின்னால் மனைவி, அவர் மடியில் இன்னொன்று, காலடியில் காய்கறிப் பை என்று ஒரு குடும்பத்தையே சுமக்கும் என்பதற்காக வருடக்கணக்கில் காத்திருந்து வாங்கினார்கள். தகரத்தில் செய்த உடம்பு, கீழே விழுந்தாலும் தட்டி நிமிர்த்தலாம். புது சேத்தக்கும் பிளாஸ்டிக்கைத் தவிர்த்து இரும்பு உடம்போடுதான் வருகிறது. 2024 டிசம்பரில் வந்த 35 வரிசையில் சீட்டுக்கு அடியில் 35 லிட்டர் இடம், முழு சார்ஜில் 153 கிலோமீட்டர் வரை போகும் என்கிறது நிறுவனம். வடிவத்தை விட்டுக்கொடுத்து வேலையைக் காப்பாற்றியிருக்கிறார்கள். 2018 ஜாவா செய்தது இதற்கு நேர் எதிர்.

இதையெல்லாம் படித்த பிறகும் “எனக்கு அந்த டப் டப் சத்தம்தான் வேண்டும்” என்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்குப் புது வண்டி எதுவும் ஈடாகாது. அசல் பழைய வண்டியே தேட வேண்டும். ஒவ்வோர் ஆண்டும் ஜூலை இரண்டாம் ஞாயிறு ஜாவா, யெஸ்டி தினம் என்று ஊர்வலம் போகிறார்கள். உதிரி எங்கே கிடைக்கும், எந்த மெக்கானிக் கைராசிக்காரர் என்று அங்கே கேட்டால் அள்ளித் தருவார்கள். 50 வருடம் தாண்டிய, பெரிதாக மாற்றம் செய்யாத வண்டியை 2021 விதிப்படி விண்டேஜ் என்று பதியலாம். கட்டணம் 20,000 ரூபாய், 10 ஆண்டு செல்லும், ஆனால் தினசரி ஓட்டத்துக்கு அனுமதியில்லை. வேலைக்கு ஓட்டிப்போக நினைப்பவர் சாதாரணப் பதிவையே புதுப்பித்து வைத்துக்கொள்வது நல்லது. குரோம் பளபளப்பில் மயங்கி அட்வான்ஸ் கொடுக்கும் முன், எஞ்சின் நம்பரையும் சேசிஸ் நம்பரையும் ஆர்சி புத்தகத்தோடு ஒத்துப் பாருங்கள். பெயின்ட்டை எப்போது வேண்டுமானாலும் அடித்துக்கொள்ளலாம்.