மைக் இல்லாத கச்சேரியும் நாகேஸ்வர ராவ் பூங்காவும்

மயிலாப்பூர் லஸ் சர்ச் சாலையில் உள்ள நாகேஸ்வர ராவ் பூங்கா பரப்பில் சிறியது. ஏறத்தாழ நான்கு ஏக்கர்தான். ஆயினும், அக்கம்பக்கத்தார் கூடிப் பழகுவதற்கு இதைவிட இணக்கமான இடத்தை நான் சென்னையில் கண்டதில்லை.

அதற்கு முதற்காரணமாக நான் கருதுவது, மாதத்தின் முதல் ஞாயிறு காலையில் நடைபெறும் குழந்தைகளின் கச்சேரி. சுந்தரம் பைனான்ஸ் நிறுவனத்தின் ஆதரவில் பல்லாண்டுகளாக நடந்துவரும் இந்தக் கச்சேரிக்கு ஒலிபெருக்கி கிடையாது. பாடும் பிள்ளையின் குரல் எட்டும் தொலைவுக்குள்தான் கேட்போர் அமர முடியும் என்பதால், முன்பின் அறியாதவர்களும் நெருங்கி உட்கார்ந்துவிடுகின்றனர். ஒருமுறை, பத்து வயதுகூட நிரம்பாத பெண் ஒருத்தி மோகன ராகக் கீர்த்தனையைத் தொடங்கி, அனுபல்லவியில் வரியை மறந்து நின்றாள். முன்வரிசையில் தொடையில் தாளம் போட்டுக்கொண்டிருந்த பாட்டி ஒருவர், தாளத்தை விடாமலே மெல்லிய குரலில் அடியெடுத்துக் கொடுத்தார். அவளும் அங்கிருந்தே பிடித்துக்கொண்டு பாடி முடித்தாள். மைக் வைத்த சபாவில் அந்தக் குரல் மேடையை எட்டியே இருக்காது.

பூங்காவுக்குப் பெயர் தந்த காசிநாதுனி நாகேஸ்வர ராவ், 1893இல் அமிர்தாஞ்சன் தைலத்தை அறிமுகப்படுத்தியவர். 'ஆந்திர பத்திரிகை' இதழை நிறுவியவர். கடலோர ஆந்திரத் தலைவர்களும் ராயலசீமைத் தலைவர்களும் 1937இல் கூடி, தனி ஆந்திர மாகாணக் கோரிக்கையில் இணைந்து செயல்பட ஒப்பந்தம் செய்துகொண்டது, மயிலாப்பூரில் இருந்த அவருடைய ஸ்ரீபாக் இல்லத்தில்தான். பலரும் கூடிப் பேசிய வீட்டின் உரிமையாளர் பெயர் இப்பூங்காவுக்கு அமைந்ததில் எனக்குத் தனி மகிழ்ச்சி உண்டு.

ஜனவரியில் மயிலாப்பூர் திருவிழாவை ஒட்டிச் சிறுவர்களுக்கான சதுரங்கப் போட்டியும் இங்கே நடப்பதுண்டு. மற்ற நாள்களில் மர நிழலும் நடைபாதையும் குழந்தைகள் விளையாடும் இடமுமே ஆள்களை வரவழைக்கின்றன. காலை நெரிசலில் நான்கு பேர் வரிசையாகப் பேசியபடி நடந்தால், எதிரே வரும் முதியவர்தான் ஒதுங்கி நிற்க நேர்கிறது; நடப்பவர்கள் சற்றே கவனித்தால் இந்தச் சங்கடம் இராது.

மெட்ரோ பணிகளால் லஸ் முனையில் போக்குவரத்து நெருக்கடி இருப்பதால், சொந்த வண்டியைத் தவிர்த்துப் பேருந்தில் வருவது நல்லது. கச்சேரி கேட்க விரும்புவோர் ஏழு மணிக்கு முன்பே வந்து, பாடும் குழந்தைக்கு அருகில் இடம் பிடித்துக்கொள்ளுங்கள். பின்வரிசையில் காகங்களின் குரல்தான் மேலோங்கிக் கேட்கும்.