வார்ஸாஸாத்தா, பென்பானா?

அரபு நாடுகளின் சூரிய மின்சாரம் என்றதும் இரண்டு இடங்கள் நினைவுக்கு வரும். மொராக்கோவின் நூர் வார்ஸாஸாத், எகிப்தில் அஸ்வான் பக்கம் உள்ள பென்பான்.

வார்ஸாஸாத்தில் பெரும்பகுதி கண்ணாடிகள்தான். முதல் இரண்டு நிலையங்களில் வளைந்த கண்ணாடிகள் வெயிலைக் குவித்து எண்ணெயைச் சூடாக்க, அந்தச் சூட்டில் நீராவி கிளம்பி டர்பைனைச் சுழற்றுகிறது. மூன்றாவதில் சுமார் 250 மீட்டர் உயரக் கோபுரம். சுற்றிலும் உள்ள கண்ணாடிகள் வெயிலைக் குவிக்க, அதன் உச்சியில் உருகிய உப்பையே நேரடியாகக் காய்ச்சுகிறார்கள். இந்த உப்பில்தான் சூட்சுமம். தொட்டியில் தேக்கிய சூட்டைக் கொண்டு, பொழுது சாய்ந்த பிறகும் ஏழு மணி நேரம் வரை மின்சாரம் எடுக்கலாம். சரி, செலவு? எக்கச்சக்கம். போதாததற்கு, 2024-இல் கோபுர நிலையத்தின் உப்புத் தொட்டி கசிந்து, உற்பத்தி பல மாதம் நின்றது.

பென்பானில் இந்த வம்பே கிடையாது. சுமார் 37 சதுர கிலோமீட்டருக்கு, வெயிலை நேரடியாக மின்சாரமாக்கும் வெறும் பேனல்கள், ஏறக்குறைய 1,500 மெகாவாட். தூசி துடைப்பதுதான் பெரிய வேலை. ஆனால் இருட்டினால் ஒன்றும் வராது. விளக்கும் ஏசியும் ஓடும் மாலை நேரத்துக்கு வேறு வழி பார்க்க வேண்டும்.

இன்று புதிதாகக் கட்டுவதென்றால் என் ஓட்டு பேனலுக்குத்தான், கூடவே பேட்டரி. வார்ஸாஸாத்தின் நான்காம் நிலையத்துக்கு மொராக்கோவே பேனலைத்தான் போட்டது.