ரெண்டு பேருக்கு மெடிக்கல் இன்சூரன்ஸ்: கிளிநொச்சியில இருந்து ஒரு வருச அனுபவம்

கொம்பனிப் பேர் போடேல்லை, கேக்காதேங்கோ. நானும் இவரும் கலியாணம் கட்டி ரெண்டு வருசம், இவருக்கு பரந்தன் பக்கம் பைக் கராஜ், நான் வீட்டில தையல். அரசாங்க உத்தியோகம் எண்டா அக்ரஹார எண்ட மெடிக்கல் இன்சூரன்ஸ் இருக்கு, சம்பளத்தில வெட்டுப்பட்டு அதுபாட்டுக்கு ஓடும், எங்களுக்கு அதில்லை.

பெரியாஸ்பத்திரியில சும்மா பாக்கினம், பிறகேன் காசைக் கரைக்கிறியள் எண்டு மாமி கேட்டவா. நியாயம்தான், காய்ச்சலுக்கும் பிள்ளைப்பேறுக்கும் நாங்கள் கிளிநொச்சி ஆஸ்பத்திரிக்குத்தான் போவம். ஆனா 2022இல மருந்துத் துண்டைக் கையில தந்து வெளியில வாங்குங்கோ எண்டு விட்டது ஞாபகம் இருக்குத்தானே. பிறைவேற்றில ஒரு ஒப்பறேசன் எண்டு வந்தா யாழ்ப்பாணம், இல்லாட்டி கொழும்பு, அப்ப என்ர காப்புத்தான் அடகுக்குப் போகும்.

மூண்டு இடத்தில கேட்டம். முதலாவது ஆயுள் காப்புறுதியோட ஒட்டின றைடர், கட்டுற காசில முக்கால்வாசி சேமிப்புக்குப் போகுது, வருத்தத்துக்குத் தாற தொகை சின்னன். ரெண்டாவது ஆள் கார்டைக் காட்டினாக் காணும் அக்கா, ஒரு சதம் கையால குடுக்கத் தேவையில்லை எண்டார். எந்தெந்த ஆஸ்பத்திரி எண்டு லிஸ்டைக் கேட்டு வாங்கிப் பாத்தா வன்னிக்குள்ள ஒண்டுமே இல்லை, யாழ்ப்பாணத்தில ஒண்டு, மிச்சம் முழுக்கக் கொழும்புப் பக்கம். மாங்குளத்தில நெஞ்சு நொந்தா கார்டை ஆருக்குக் காட்டுறது?

அதை விட்டாலும் அவரை வேண்டாம் எண்டதுக்கு வேற காரணம் இருக்கு. படிவத்தில முந்தி காயம், சத்திரசிகிச்சை ஏதும் நடந்ததோ எண்டொரு கேள்வி. இவருக்கு 2009இல யுத்தத்தில செல் பட்டது, இடது முழங்காலுக்குக் கீழ அரிசி மணி அளவில ரெண்டு துண்டு இன்னும் உள்ளுக்குத்தான் கிடக்கு, மாரியில குளிர் கூடினா அந்த இடத்தைத் தடவிக்கொண்டு இருப்பார். இவர் சாரத்தை மடிச்சுக் காலைக் காட்ட, அந்தாள் பேனையை மூடிப்போட்டு, "அண்ணை, அதை எழுதாதேங்கோ, எழுதினா பைல் கொழும்பிலயே நிண்டுடும்" எண்டார். எழுதாமல் விட்டா நாளைக்கு எக்ஸ்ரே எடுக்கேக்க வெள்ளையாத் தெரியும்தானே, அப்ப மறைச்சிட்டீங்கள் எண்டு கிளெய்மைத் தள்ளுறது அந்தாளோ கொம்பனியோ? இந்தப் பக்கம் எத்தினை பேற்ற உடம்பில இரும்பு கிடக்கு, எல்லாருக்கும் இதைத்தான் சொல்லித் திரியிறாரோ தெரியேல்லை.

மூண்டாவதா வந்தவா எல்லாத்தையும் எழுதச் சொன்னா, பழைய கிளினிக் கொப்பியையும் கேட்டு வாங்கினா. மூண்டு கிழமையால கடிதம் வந்தது, இடது காலில உள்ள உலோகத் துண்டால வாற செலவு கவர் இல்லை, மற்றதெல்லாம் சரி எண்டு. இவருக்கு முகம் சுருங்கிப் போச்சு, எனக்கெண்டா அந்தக் கடிதத்தைப் பாத்த பிறகுதான் நம்பிக்கை வந்தது. தரமாட்டம் எண்டதை எழுத்தில தாற இடத்தில எடுத்தாத்தான் பிறகு சண்டை பிடிக்கலாம். அதையே எடுத்தம்.

ரெண்டு பேருக்கும் பொதுவா ஒரு தொகை எண்டா கட்டுற காசு குறைவு, ஆளுக்கு வேற வேற எண்டா கூட. இவர் பொதுவில எடுப்பம் எண்டார். நாங்கள் ஏ9 றோட்டில ஒரே பைக்கிலதான் போறம், விழுந்தா ரெண்டு பேரும்தான் விழுவம், ஒரு தொகையை எப்பிடிப் பங்கு போடுறது எண்டு கேட்டன். வேற வேறயா எடுத்தம். பிள்ளைப்பேறுக்கு எங்கட பொலிசியில ஒரு வருசம் பொறுக்கோணும், மாமிக்கு இன்னும் சொல்லேல்லை.

இனி சேவை. தை மாசம் இவருக்கு டெங்கு, நாலு ராத்திரி கிளிநொச்சி வாட்டில. அரசாங்க ஆஸ்பத்திரியில படுத்தா ராவுக்கு 3,000 படி தாறது எங்கட பிளானில இருக்கு, பலபேர் இதைக் கேட்டு எடுக்கிறேல்லை, வன்னியில இருக்கிறவைக்கு கார்டை விட இதுதான் உதவும். கிளெய்ம் படிவம் சிங்களத்திலயும் இங்கிலிசிலயும் மட்டும், தமிழ் இல்லை, கிளையில இருந்த பொடியனுக்கும் ரெண்டு இடம் விளங்கேல்லை. பிறகு ஆஸ்பத்திரியால விடேக்க தாற டயக்னோசிஸ் கார்டில ஒரு மாதிரி, ஐடென்டிட்டி கார்டில இன்னொரு மாதிரி இவற்ற பேர் கிடக்கு எண்டு திருப்பி அனுப்பிட்டாங்கள். திரும்ப வாட்டுக்குப் போய்த் திருத்தி, சீல் அடிச்சு, ஜிஎஸ்ஸிட்ட (கிராம சேவகர்) ஒரு கடிதம் வாங்கி, மூண்டு தரம் கராஜைப் பூட்டினதுதான் மிச்சம். ஆறு கிழமையால 12,000மும் பாங்கில விழுந்தது, ஒரு சதமும் வெட்டேல்லை.

பிளானுக்கு அஞ்சில நாலு குடுப்பன், கிளைக்கு ரெண்டுதான். அட்மிட் ஆகேக்கயே பேர் ஐடென்டிட்டி கார்டில உள்ள மாதிரி எழுதுப்படுதோ எண்டு எட்டிப் பாருங்கோ. தமிழ்ப் படிவம் வேணுமெண்டு எழுதிக் குடுத்து நாலு மாசம், இன்னும் வரேல்லை.