வகுப்புக்குள்ளா, தனிக் குழுவிலா, வெளி மையத்திலா? சிறப்புத் தேவையுள்ள பிள்ளைக்கு எந்த உதவி?

பிள்ளைக்கு டிஸ்லெக்சியா (வாசிப்பதிலும் எழுதுவதிலும் சிரமம்) என்றோ ஆட்டிசம் என்றோ ஏடிஹெச்டி (கவனக்குறைவு, மிகைத் துறுதுறுப்பு) என்றோ அறிக்கை கைக்கு வந்ததும் வீட்டில் எழும் முதல் கேள்வி, "வேற பள்ளிக்கூடத்துக்கு மாத்தணுமா?" என்பதுதான். சிங்கப்பூரில் பெரும்பாலான குடும்பங்களுக்கு மாற்றத் தேவையில்லை. சிறப்புக் கல்வித் தேவை உள்ளவர்களாக அறியப்பட்ட மாணவர்களில் ஏறத்தாழ 80 விழுக்காட்டினர் நம் பக்கத்துப் பேட்டையில் இருக்கும் சாதாரணப் பொதுப் பள்ளிகளில்தான் படிக்கிறார்கள். மீதிப் பேர், தேவை கூடுதலாக உள்ளவர்கள், சிறப்புக் கல்விப் பள்ளிகளுக்குப் போகிறார்கள்.

ஆகவே பெற்றோர் உண்மையில் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டியது பொதுப் பள்ளிக்குள் கிடைக்கும் உதவிகளை. தொடக்கப்பள்ளியில் தமிழ் எடுப்பவள் என்ற முறையில் இவற்றை அருகிலிருந்து பார்த்து வருகிறேன். இவற்றில் ஒன்றே எல்லாருக்கும் சிறந்தது என்று நான் நினைக்கவில்லை. தனியாகக் கற்றுக்கொடுத்தது, பிள்ளை தன் வகுப்பில் உட்கார்ந்திருக்கும்போது கைகொடுக்கிறதா என்பதைத்தான் நான் ஒவ்வொன்றிலும் பார்க்கிறேன்.

வகுப்புக்குள்ளேயே உதவி

தொடக்கநிலை 1, 2-இல் ஒரு வகுப்பில் சுமார் 30 பேர். மூன்றாம் வகுப்புக்குப் போனால் 40 வரை. அத்தனை பேருக்கு நடுவில் ஒருவன் வரியை விட்டு வரி தாவிப் படிக்கிறான். இன்னொருத்தி நாற்காலி உரசும் சத்தத்தில் காதைப் பொத்திக்கொள்கிறாள். ஆசிரியர் செய்யக்கூடியவை சின்னச் சின்ன விஷயங்கள்தான்: பலகைக்கு அருகில் இடம், ஒரே மூச்சில் நான்கு வேலை சொல்லாமல் ஒவ்வொன்றாகச் சொல்வது, பயிற்சித்தாளில் எழுத்தைப் பெரிதாக்கி இடைவெளி விடுவது, அன்றைய நேர அட்டவணையைப் படமாக ஒட்டி வைப்பது, உட்கார முடியாத பிள்ளையிடம் புத்தகங்களை அடுக்கச் சொல்வது. செலவு எதுவும் கிடையாது. அறிக்கை இல்லாத மற்றப் பிள்ளைகளுக்கும் இது நல்லதுதான்.

இவற்றோடு, சிறப்புத் தேவைகளுக்கான அதிகாரி பள்ளியில் இருப்பார். முன்பு அலைட் எஜுகேட்டர் என்று அழைக்கப்பட்டவர்களே இவர்கள். சில பாடவேளைகளில் வகுப்புக்கு வந்து பிள்ளையின் பக்கத்தில் உட்காருவார். நண்பர்களை விட்டு எழுந்து போக வேண்டியதில்லை என்பது பிள்ளைக்குப் பெரிய நிம்மதி.

ஆனால் இதற்கு எல்லை உண்டு. எழுத்தையும் ஒலியையும் இணைக்கவே தடுமாறும் மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு, மற்ற 39 பேர் கருத்தறிதல் செய்துகொண்டிருக்கும் அறையில் அதை முதலிலிருந்து கற்றுத்தர முடியாது. ஆசிரியருக்கு மனமில்லாமல் இல்லை, நேரம் இல்லை. அந்த அதிகாரியும் பள்ளியில் பல பிள்ளைகளுக்குப் பொதுவானவர். நடத்தைக்கும் கவனத்துக்கும் வகுப்புக்குள் கிடைக்கும் உதவி நன்றாகப் பலன் தரும். வாசிப்பே அடைபட்டுக் கிடக்கும் பிள்ளைக்கு அது மட்டும் போதாது.

தனிக் குழு

இங்கேதான் பள்ளிகள் கடந்த சில ஆண்டுகளில் நிறைய முன்னேறியிருக்கின்றன. முதல் வகுப்பில் சேரும்போதே ஆங்கில வாசிப்பைச் சோதித்து, பின்தங்கியவர்களைக் கற்றல் ஆதரவுத் திட்டத்தில் சேர்க்கிறார்கள்: 8 முதல் 10 பேர், தினமும் அரைமணி நேரம். இரண்டாம் வகுப்பு முடிவில் இன்னும் தடுமாறுபவர்களுக்கு டிஸ்லெக்சியா இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். இருந்தால் மூன்று, நான்காம் வகுப்புகளில் பள்ளியிலேயே நடக்கும் டிஸ்லெக்சியா பயிற்சி. 2012-இல் சில பள்ளிகளில் தொடங்கிய அந்தப் பயிற்சி 2016-க்குள் எல்லாத் தொடக்கப்பள்ளிகளுக்கும் வந்துவிட்டது.

சிறு குழுவின் பலம், பிள்ளை தப்பாகப் படித்தாலும் யாரும் சிரிக்க மாட்டார்கள் என்பது. அங்கே எல்லாருக்கும் அதே சிரமம். பெரிய வகுப்பில் வாயே திறக்காத பிள்ளை அங்கே சத்தமாகப் படிப்பதைப் பார்க்கலாம்.

பலவீனமும் உண்டு. பாடவேளையில் எழுந்து போனால் அந்த நேரத்தில் வேறு ஏதோ ஒன்றை இழக்கிறது பிள்ளை. பெற்றோர் பள்ளியில் இதைக் கேட்டே ஆக வேண்டும்: "எந்த நேரத்தில் போகிறான்? அப்போது வகுப்பில் என்ன நடக்கிறது?" அது பிள்ளை உயிராக நினைக்கும் ஓவிய வகுப்பாகவோ உடற்கல்வியாகவோ இருந்தால், நேரத்தை மாற்ற முடியுமா என்று கேளுங்கள். அது பிடிவாதம் ஆகாது. நாள் முழுக்கத் தோற்றுக்கொண்டிருக்கும் பிள்ளைக்கு ஜெயிக்கிற இடம் அது ஒன்றுதான்.

இவற்றில் என் மனசுக்கு மிகவும் ஒத்துப்போவது டிரான்சிட் என்னும் திட்டம். சமூகப் பழக்கத்திலும் நடத்தையிலும் உதவி தேவைப்படும் முதல் வகுப்புப் பிள்ளைகளுக்கானது. 2026-க்குள் எல்லாத் தொடக்கப்பள்ளிகளுக்கும் கொண்டுபோவது என்று கல்வி அமைச்சு வகுத்த திட்டம். முதலில் சிறு குழுவில் சில பழக்கங்களைக் கற்றுத்தருகிறார்கள்: கோபம் வந்தால் என்ன செய்வது, உதவி வேண்டுமென்றால் எப்படிக் கேட்பது, பையை எப்படி அடுக்குவது. பிறகு அதிகாரி பிள்ளையோடு வகுப்புக்குப் போய், கற்றதை அங்கே செய்ய வைக்கிறார். அப்புறம் மெல்ல மெல்ல விலகிக்கொள்கிறார். தனிக் குழுவா வகுப்பா என்ற விவாதத்துக்கே இதில் இடமில்லை. வாசிப்புக்கான உதவியும் இதே வரிசையில் நடக்க வேண்டும் என்று நான் விரும்புகிறேன். டிஸ்லெக்சியா பயிற்சியில் பிள்ளை என்ன கற்கிறது என்பது கணித ஆசிரியருக்கும் தமிழாசிரியருக்கும் தெரிந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்!

வெளி மையம்

1991-இல் தொடங்கிய சிங்கப்பூர் டிஸ்லெக்சியா சங்கம் தீவெங்கும் மையங்கள் நடத்துகிறது. அமைச்சின் நிதியுதவி இருப்பதால் கட்டணம் குறைகிறது. வசதி குறைந்த குடும்பங்களுக்கு மேலும் உதவி உண்டு. நான்காம் வகுப்போடு நின்றுவிடாமல் பெரிய வகுப்புகளிலும் தொடரலாம். தாமதமாகக் கண்டறியப்பட்ட பிள்ளைக்கு நான் முதலில் சொல்வது இந்த வழியைத்தான். அங்கிருப்பவர்களுக்கு இது ஒன்றே தொழில்.

ஆனால் பள்ளி முடிந்து, களைத்துப்போய், பஸ் ஏறிப் போகிற பிள்ளை. கூட்டிப்போக தாத்தாவோ பாட்டியோ இருக்க வேண்டும். அங்கே நடப்பது வகுப்பாசிரியருக்குத் தெரியாமலே போகவும் வாய்ப்புண்டு. மையத்தில் தரும் முன்னேற்ற அறிக்கையைப் பள்ளிக்கும் கொடுங்கள். இந்தச் சின்ன வேலையைச் செய்கிற பெற்றோர் குறைவு.

டியூஷனையும் இதையும் ஒன்றாக எண்ண வேண்டாம். சிண்டா என்னும் சிங்கப்பூர் இந்தியர் மேம்பாட்டுச் சங்கம் நடத்தும் ஸ்டெப் துணைப்பாட வகுப்புகள் நம் பிள்ளைகள் பலருக்குக் கைகொடுக்கின்றன, சந்தேகமில்லை. ஆனால் அவை பாடத்தை மேலும் பயிற்சி செய்வதற்கானவை. வாசிப்பின் அடித்தளமே ஆடும் பிள்ளைக்கு இன்னும் பத்துப் பயிற்சித்தாள் கொடுத்தால், இன்னும் பத்து முறை தோற்கும். சனி, ஞாயிறு முழுக்க டியூஷனில் அடைத்து வைக்கப்பட்ட பிள்ளைகளைத் திங்கட்கிழமை காலையில் பார்த்தாலே தெரிந்துவிடும்.

சிறப்புக் கல்விப் பள்ளியைப் பற்றி ஒரு சொல். 2019 முதல் கூடுதல் தேவையுள்ள பிள்ளைகளுக்கும் கட்டாயக் கல்விச் சட்டம் பொருந்துகிறது. 2004-இல் தொடங்கிய பாத்லைட் போன்ற பள்ளிகளில், ஆட்டிசம் உள்ள பிள்ளைகள் தேசியப் பாடத்திட்டத்தையே படிக்கிறார்கள். பொதுப் பள்ளியின் கூட்டமும் சத்தமும் தினமும் அழ வைக்கிறது என்றால், அங்கே போவது தோல்வி ஆகாது. உறவினர் என்ன சொல்வார்கள் என்று தயங்காதீர்கள்.

தமிழில் விலக்கா, அடிப்படைத் தமிழா, வழக்கமான தமிழா?

நம் குடும்பங்களுக்கு மட்டும் இன்னொரு கேள்வி மிஞ்சுகிறது. அறிக்கை வந்ததும் பலர் தாய்மொழி விலக்குக்கு, அதாவது பிள்ளை தமிழ்ப் பாடமே எடுக்காமலிருக்க, விண்ணப்பிக்கிறார்கள். சுமை குறையும், மதிப்பெண் கூடும் என்ற எண்ணம்.

சுமை குறையும் என்பது சரி. மதிப்பெண்ணைக் கொஞ்சம் பார்ப்போம். தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வில் ஒவ்வொரு பாடத்துக்கும் 1 முதல் 8 வரை அடைவுநிலை. 1 மிகச் சிறந்தது. விலக்கு பெற்றவருக்கும் தாய்மொழிக்கு ஓர் அடைவுநிலை தரப்படும். மற்ற மூன்று பாடங்களில் அவரைப் போல் வாங்கியவர்களை ஒப்பிட்டு, 6 முதல் 8-க்குள் அது அமையும். ஐந்தாம் வகுப்பில் வழக்கமான தமிழைவிட எளிதான அடிப்படைத் தமிழ் எடுத்தால் அதில் ஏ, பி, சி என்ற தரங்கள் முறையே 6, 7, 8-ஆகக் கணக்கிடப்படும். ஆக இரண்டும் ஒரே எல்லைக்குள். வழக்கமான தமிழில் 45 மதிப்பெண் எடுத்தாலே அடைவுநிலை 6. 65 எடுத்தால் 5. விலக்கு பெற்றவர் அந்த இடத்தை எட்டவே முடியாது. மதிப்பெண்ணுக்காக விலக்கு கேட்பதில் பெரிதாக லாபம் இல்லை.

அடிப்படைத் தமிழ்த் தேர்வில் பேசுவதற்கும் கேட்பதற்கும்தான் பெரும் பங்கு. வழக்கமான தமிழிலும் வாய்மொழியும் கேட்டலும் சேர்ந்து மூன்றில் ஒரு பங்குக்கும் மேல். வீட்டில் தமிழ் பேசும் டிஸ்லெக்சியா பிள்ளைக்கு இது கையில் இருக்கும் பலம். எழுதத் திணறுகிற பிள்ளை உரையாடலில் வெளுத்து வாங்குவதைப் பார்த்திருக்கிறேன். கூடுதல் நேரம், பெரிய எழுத்துத் தாள், தனி அறை போன்ற தேர்வு ஏற்பாடுகளையும் பள்ளி வழியாகக் கேட்கலாம்.

தமிழ் எழுத்தே சுமைதானே என்று கேட்பீர்கள். சில விதத்தில் ஆங்கிலத்தைவிட எளிது: எழுத்தைப் பெரும்பாலும் ஒரே மாதிரி ஒலிக்கிறோம். சில விதத்தில் கடினம். ண, ன, ந மூன்றையும் ல, ள, ழ மூன்றையும் பிரித்தறிய வேண்டும். கெ, கை போன்றவற்றில் பின்னால் ஒலிக்கும் உயிரின் குறி முன்னால் நிற்கிறது. கொ என்றால் இரண்டு பக்கமும் சூழ்ந்துகொள்கிறது. க என்ற ஒரே எழுத்து "கடல்" என்பதில் ஒரு மாதிரி, "தங்கம்" என்பதில் ஒரு மாதிரி ஒலிக்கிறது. "படித்துக்கொண்டிருந்தபோது" என்று ஒரு சொல் வந்தால் போதும், பிள்ளை வரியைக் கைவிட்டுவிடும். அதை நான் பலகையில் நான்கு துண்டாகக் கோடு போட்டுப் பிரித்துக் காட்டுவேன். பிறகு அதே பிள்ளை படித்துவிடும்.

சரி, விலக்கே வேண்டாமா? அப்படிச் சொல்லமாட்டேன். பேச்சே தாமதமாகி ஒரு மொழியை நிலைநிறுத்தவே போராடும் பிள்ளை, வீட்டில் தமிழே புழங்காமல் பள்ளியில் மட்டும் புதிதாகக் கேட்கும் பிள்ளை, தமிழ் வேளை வந்தாலே வயிற்றுவலி என்று அழும் பிள்ளை: இவர்களுக்கு விலக்கு தேவையாக இருக்கலாம். மற்றவர்களுக்கு அடிப்படைத் தமிழை முதலில் யோசியுங்கள். உயர்நிலையில் தமிழ் 'பி' என்னும் எளிதான பாடத்திட்டமும் இருக்கிறது. விலக்கு பெற்ற பிள்ளை தமிழ் வேளையில் எங்கே உட்காரும், என்ன செய்யும் என்பதையும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

விண்ணப்பத்தில் கையெழுத்துப் போடும் முன் தமிழாசிரியரை ஒரு முறை நேரில் பாருங்கள். உளவியல் அறிக்கையின் பிரதியையும் கொண்டுபோங்கள். பல நேரம் அது ஆங்கில ஆசிரியரோடு நின்றுவிடுகிறது. "இவனுக்குப் பேசத் தெரிகிறதா, படிக்கத்தான் முடியவில்லையா?" என்று கேளுங்கள். தமிழில் பிள்ளை எங்கே நிற்கிறது என்பது அந்த ஆசிரியருக்குத் தெரியும்.