மொத்த மார்க்கா, தப்போட வகையா? கணக்கு டெஸ்ட்ல எத பாத்து பாடத்த மாத்துறது

பத்து கழித்தல் கணக்கு குடுத்த ஒரு ஸ்லிப் டெஸ்ட்னு வச்சுக்குவோம். ஆறு கணக்கு கடனே வாங்க வேண்டாத சுலபம், மீதி நாலுல நடுவுல பூஜ்யம். ரெண்டு பசங்களுக்கு 6 மார்க். ரிஜிஸ்டர்ல பாத்தா ரெண்டு பேரும் ஒண்ணு தான், "சுமார்"னு ஒரே கட்டத்துல போட்டுட்டு போயிடலாம். ஆனா பேப்பர எடுத்து பக்கத்துல பக்கத்துல வச்சு பாருங்க. 503 − 247க்கு முதல் பிள்ளை 344னு எழுதிருக்கு, அதாவது மேல எது கீழ எதுன்னு பாக்காம ஒவ்வொரு இடத்துலயும் பெருசுலேர்ந்து சிறுச கழிச்சிருக்கு. ரெண்டாவது பிள்ளை 356னு எழுதிருக்கு. அதுக்கு கடன் வாங்க தெரியுது, நடுவுல இருக்குற பூஜ்யம் 9 ஆகணும்னும் தெரியுது, நூறு இடத்துல இருக்குற 5ஐ 4 ஆக்கறதுதான் விட்டுப்போகுது. முதல் பிள்ளைக்கு இடமதிப்பையே குச்சிக்கட்ட வச்சு மறுபடி ஆரம்பிக்கணும், ரெண்டாவதுக்கு ஒரு கால் மணி நேரம் உக்காந்தா போதும். ரெண்டு பேரையும் ஒரே ரெமெடியல் க்ளாஸ்ல தள்ளி அதே பத்து கணக்க திரும்ப போடச் சொன்னா ஒருத்தருக்கு புரியாது, இன்னொருத்தருக்கு சலிச்சுப்போகும்.

இந்த ரெண்டு தப்பும் ஏதோ கவனக்குறைவு இல்ல. 1978லயே ப்ரவுன், பர்டன்னு ரெண்டு ஆய்வாளர்கள் பசங்களோட கழித்தல் தப்புகள அலசி, அதுல நிறைய தப்பு ஒரு தப்பான விதிய ஒழுங்கா கடைப்பிடிக்கறதால வருதுன்னு காமிச்சாங்க, கம்ப்யூட்டர் ப்ரோக்ராம்ல வர்ற தப்ப சொல்ற மாதிரி அதுக்கு பக்ஸ்னே பேர் வச்சாங்க. பிள்ளை நாம சொல்லிக்குடுத்தத மறக்கல, தானா ஒரு விதி கண்டுபிடிச்சு அதுல ஒழுங்கா நடக்குது. என்ன பொறுத்தவரைக்கும் கணக்கு டெஸ்ட்ல கிடைக்கிற எல்லா தகவல்லயும் இதுதான் தங்கம், ஆனா ரிஜிஸ்டர்ல ஏத்தும்போது நாம முதல்ல தூக்கி போடறதும் இதத்தான்.

மொத்த மார்க் சுத்தமா வேண்டாம்னு சொல்ல வரல. யாரு பின்தங்கிருக்காங்கன்னு நாப்பது பேர் க்ளாஸ்ல ரெண்டு நிமிஷத்துல சொல்றது அது ஒண்ணுதான். ஆனா ஏன்னு கேட்டா வாய மூடிக்கும். ஏன்னு தெரியாம யாருன்னு மட்டும் தெரிஞ்சா என்ன ஆகும்னா அந்த "யாரு" மேல ஒரு முத்திரை விழும், வீக் ஸ்டூடண்ட், ஸ்லோ லேர்னர், அப்படி. வீட்ல பாடம் சொல்லிக்குடுக்க ஆள் இருக்குற பிள்ளை அந்த முத்திரைலேர்ந்து எப்படியோ வெளிய வந்துரும், டியூஷன் போகும், அக்கா அண்ணன் யாராவது சொல்லிக்குடுப்பாங்க. அந்த வசதி இல்லாத பிள்ளைக்கு க்ளாஸ்ல நாம எடுக்குற முடிவு தான் கடைசி முடிவு. எல்லா பிள்ளைக்கும் சமமான வாய்ப்பு குடுக்கணும்னு மனசார நினைக்கிறவங்க தப்போட வகைய பாக்காம இருக்கவே முடியாது.

சரி, அடுத்த கேள்வி, இந்த தகவல் எங்கேர்ந்து வரணும், வருஷக் கடைசி பெரிய பரீட்சைலேர்ந்தா இல்ல அன்னன்னைக்கு க்ளாஸ் முடியுறப்ப குடுக்குற சின்ன ஸ்லிப்லேர்ந்தா? ரெண்டும் வேற வேற வேலைக்கு செஞ்ச கருவி. பிசா, டிம்ஸ் மாதிரி சர்வதேச தேர்வெல்லாம் ஒரு நாட்டோட கல்வி எப்படி இருக்குன்னு பாக்க மாதிரிக்கு கொஞ்சம் பேர எடுத்து வைக்கிறது, ஒவ்வொரு பிள்ளைக்கும் மார்க் ஷீட் குடுக்கறதுக்கு இல்ல. வருஷக் கடைசி பொதுத்தேர்வும் கொஞ்சம் அந்த மாதிரி தான், ரிசல்ட் வர்றப்ப அந்த பிள்ளை அடுத்த க்ளாஸ் போயிருக்கும், நடத்தின டீச்சர் கைல வேற பசங்க இருப்பாங்க. ஆனா அதுல ஒரு விஷயம் இருக்கு, அத சின்ன ஸ்லிப் எப்பவும் காமிக்காது: வருஷா வருஷம் அதே மாதிரி பிள்ளைங்களே பின்னால நிக்குறாங்களாங்கறது. பொண்ணுங்களா, வேற மொழி பேசுற வீட்டுப் பிள்ளைங்களா, அடிக்கடி ஸ்கூல் மாறுற பசங்களா, இது ஒரு டீச்சரோட கண்ணுக்கு தனியா தெரியாது, பெரிய டேட்டால தெரியும். இங்க ஒண்ணு ஞாபகம் வச்சுக்கணும், ஒரு க்ளாஸ்ல அந்த மாதிரி அஞ்சே பேர் இருந்தா ஒரு பிள்ளை அன்னைக்கு காய்ச்சல்ல வந்து தப்பா எழுதினாலே சதவீதம் 20 ஆடும், அத வச்சு பெரிய முடிவு எடுக்கக் கூடாது, ரெண்டு மூணு வருஷத்த சேத்து பாக்கணும்.

பாடம் நடத்தறத நாளைக்கே மாத்தணும்னா ஸ்லிப் தான். 1998ல பால் ப்ளாக்கும் டிலன் வில்லியமும் நிறைய ஆய்வுகள ஒண்ணா சேத்து பாத்துட்டு, க்ளாஸ் நடக்கும்போதே கிடைக்கிற தகவல வச்சு பாடத்த மாத்தறது பசங்க கத்துக்கறத கூட்டுதுன்னு சொன்னாங்க, படிப்புல பின்தங்கின பசங்களுக்கு அது இன்னும் கூடுதலா உதவும்னும் சொன்னாங்க. ஆனா ஸ்லிப் குடுத்துட்டா மட்டும் ஆச்சா, அதுல என்ன கேள்வி கேக்குறோம்ங்கறதுல தான் எல்லாமே இருக்கு. மேல சொன்ன பத்து கழித்தல்லயே பாருங்க, 52 − 27னு சாதாரணமா ஒரு தடவ கடன் வாங்குற கணக்கு ஒண்ணு இருந்திருந்தா முதல் பிள்ளை 35னு எழுதியிருக்கும், ரெண்டாவது 25னு சரியா எழுதியிருக்கும், மார்க்கே ரெண்டு பேரையும் பிரிச்சு காமிச்சிருக்கும். தசமத்துல 0.75, 0.5 எது பெருசுன்னு கேட்டா 75, 5அ விட பெருசுன்னு தப்பா யோசிக்கிற பிள்ளையும் சரியா சொல்லிரும், டிக் போட்டுட்டு போயிடுவோம். 0.35, 0.8னு கேளுங்க, அப்ப தெரியும்.

இன்னொரு உதாரணம் சொல்லாம விட மனசு வரல. 8 + 4 = ___ + 5, கோடு போட்ட இடத்துல என்ன வரும்? 1999ல ஃபால்க்னர், லெவி, கார்பென்டர் மூணு பேரும் இத எழுதினப்ப, ஆறாம் வகுப்பு பசங்க 145 பேர்ல ஒருத்தர் கூட 7னு சொல்லல, 12 இல்லன்னா 17. அந்த பசங்களுக்கு கூட்டல் தெரியாதா என்ன, நல்லா தெரியும். சமக்குறின்னா "இதோ விடை வருது"ன்னு நினைச்சுக்கிட்டிருந்தாங்க, ரெண்டு பக்கமும் சமம்னு யாரும் அவங்கள யோசிக்க வைக்கல. நூறு கூட்டல் கணக்கு குடுத்து முழு மார்க் வாங்க வச்சாலும் இது வெளிய வராது, அப்புறம் அல்ஜீப்ரா வர்றப்ப "இந்த செட் பசங்களுக்கு மண்டைல ஏறவே இல்ல"ன்னு சொல்லுவோம். ஒரே ஒரு கேள்வி, நல்லா யோசிச்சு வச்சா போதும்.

ஸ்லிப்பா, நேர்ல பேசறதான்னு வந்தா நேரம்தான் பிரச்சினை, ஆனா பேச்சுக்கு நிகர் எதுவும் இல்ல. 1973ல எர்ல்வாங்கர் எழுதின பென்னிங்கற பையனோட கதைய கணக்கு சொல்லிக்குடுக்குற எல்லாரும் தெரிஞ்சுக்கணும்னு ஆசைப்படறேன். பன்னெண்டு வயசு பையன், அவனவன் வேகத்துல தனித்தனியா பாடத்த முடிச்சு டெஸ்ட் எழுதி விடை கீய வச்சு திருத்தற திட்டத்துல படிச்சான், டெஸ்ட்ல பாஸ் பண்ணிக்கிட்டே போனான், நல்லா முன்னேறுற பையன்னு தான் டீச்சரும் நினைச்சாங்க. உக்காந்து பேசிப் பாத்தா 2/10ஐ தசமமா எழுதச் சொன்னா 1.2ங்கறான், மேலயும் கீழயும் கூட்டி 12ன்னு வச்சு நடுவுல புள்ளி வச்சுட்டான். 5/10ன்னா 1.5. கணக்குங்கறது விடை கீல இருக்குற விடைய எப்படியாவது பிடிக்கிற விளையாட்டுன்னு அவன் தானா முடிவு பண்ணிட்டான். இப்ப இருக்குற ஆப், சாஃப்ட்வேர் டெஸ்ட் பத்தி யோசிக்கறப்பல்லாம் எனக்கு இந்த பையன் தான் ஞாபகம் வர்றான். ஆப் உடனே திருத்தும், டாஷ்போர்டுல பச்ச சிவப்பு காமிக்கும், பிள்ளைக்கு தக்க கேள்வியோட கஷ்டத்த கூட்டிக் குறைக்கும், நாப்பது பேப்பர் திருத்தற நேரம் மிச்சம், அந்த அளவுக்கு நல்லது தான் மறுக்கல. ஆனா சரியான விடைக்கு பின்னாடி இருக்குற தப்பான யோசன பச்சையா தான் தெரியும். அதனால ஆப் டேட்டாவ யார்கிட்ட முதல்ல பேசணும்னு முடிவு பண்ண வச்சுக்கலாம், பேச்சுக்கு பதிலா வச்சுக்க முடியாது.

மொழி விஷயமும் இதுலயே வருது. ஒரு பிள்ளை வாக்கியக் கணக்குல தப்பு விட்டா அது கணக்கு தெரியாததாலயா, கேள்வி புரியாததாலயான்னு மார்க் சொல்லாது. 2001ல அபேடியும் லார்டும் எட்டாம் வகுப்பு கேள்விகள்ல கணக்க மாத்தாம வாக்கியத்த மட்டும் எளிமையாக்கி குடுத்து பாத்தாங்க, வித்தியாசம் பெருசு இல்ல, ஆனா கேள்வி கேட்ட மொழிய இன்னும் கத்துக்கிட்டிருக்கிற பசங்களுக்கும் வசதி கம்மியான வீட்டுப் பசங்களுக்கும் தான் அதுல கூடுதல் பலன் கிடைச்சுது. இத நீங்களே செஞ்சு பாக்கலாம்: தப்பு விட்ட கேள்விய பிள்ளைய சத்தமா வாசிக்கச் சொல்லுங்க, அப்புறம் அதோட வார்த்தைல சொல்லச் சொல்லுங்க, அப்புறம் அதே எண்கள வெறும் கணக்கா குடுங்க. எங்க தட்டுதுன்னு ரெண்டு நிமிஷத்துல தெரிஞ்சிரும்.

இப்ப தகவல் கைல வந்துருச்சு, அடுத்து என்ன? இங்க தான் சண்டையே. ஒரு பக்கம் மார்க் படி ஏ பேட்ச் பி பேட்ச்னு பிரிச்சு வருஷம் பூரா அப்படியே வைக்கிறது, இன்னொரு பக்கம் எல்லாரையும் ஒண்ணா வச்சு தேவைக்கு மட்டும் அப்பப்ப சின்ன குழு போட்டு கலைக்கிறது. நான் ரெண்டாவது பக்கம். ஆனா எதிர்ப்பக்கத்து ஆதாரத்த மறைக்க மாட்டேன், கென்யாவுல 121 ஸ்கூல்ல டுஃப்லோ, டூபா, க்ரெமர் செஞ்சு 2011ல வெளியிட்ட ஆய்வுல ஒண்ணாங் க்ளாஸ் பசங்கள மார்க் படி ரெண்டு செக்ஷனா பிரிச்ச ஸ்கூல்கள்ல, குலுக்கல் முறைல பிரிச்ச ஸ்கூல்கள விட மேல் செக்ஷன் கீழ் செக்ஷன் ரெண்டுமே நல்லா செஞ்சுது. ஏன்னு பாத்தா டீச்சரால பிள்ளைங்க நிக்குற இடத்துலேர்ந்து பாடத்த ஆரம்பிக்க முடிஞ்சுது. என் வாதம் இதுக்கு எதிரா இல்ல, இதுலேர்ந்தே வருது. பலன் குடுத்தது பிள்ளை நிக்குற இடத்த பாத்து நடத்தினது, அதுக்கு வருஷம் பூரா ஒரு பேட்ச்ல பூட்டி வைக்கணும்னு அவசியம் இல்ல. பின்னத்துல தடுமாறுற பிள்ளை வடிவியல்ல க்ளாஸுக்கே சொல்லிக்குடுக்கும், அத பி பேட்ச்ல வச்சா அந்த வடிவியல யாரும் பாக்கப் போறதில்ல. அதுமட்டுமில்லாம பல இடத்துல கீழ் பேட்ச்சுக்கு அனுபவம் கம்மியான டீச்சரும் குறைச்ச பாடமும் தான் போகுது, ஜூன்ல இருந்த இடைவெளி மார்ச்ல ரெண்டு மடங்கா நிக்கும்.

இன்னொரு வழியும் நடக்குது, அத பத்தி எனக்கு கோவமே வரும். பாஸ் மார்க்குக்கு ஓரத்துல நிக்குற பசங்கள மட்டும் பிடிச்சு தனி கோச்சிங் குடுக்கறது. 35 பாஸ்னா 30லேர்ந்து 34 வரைக்கும் இருக்குறவங்க, ஏன்னா அவங்கள தூக்கினா ஸ்கூல் சதவீதம் ஏறும். 12 மார்க் எடுத்த பிள்ளைக்கு நேரம் ஒதுக்கறது வீண்னு யாரும் வாய்விட்டு சொல்லாம செயல்ல சொல்லிர்றாங்க. 2005ல பூஹர் ஜென்னிங்ஸ் டெக்ஸாஸ்ல ஒரு ஸ்கூல்ல இதே நடந்தத பதிவு பண்ணாங்க, அடிபட்டவங்கள்ல யார காப்பாத்தலாம்னு ஆஸ்பத்திரில தரம் பிரிக்கிற மாதிரின்னு தான் அதுக்கு பேரே. டேட்டா வச்சு தான் செய்றாங்க, ஆனா பிள்ளைக்காக செய்யல.

குழு போட்டா மட்டும் போதுமான்னா அதுவும் இல்ல. கோர்ட்ஸ், ஓலா, ரிகன் 2009ல எழுதினதுல டீச்சருங்க வருஷத்துக்கு நடுவுல வைக்கிற டெஸ்டோட ரிசல்ட்ட பாத்து எத மறுபடி நடத்தணும் யாருக்கு நடத்தணும்னு நல்லாவே முடிவு பண்றாங்க, ஆனா எப்படி நடத்தறதுங்கறது பெருசா மாறலன்னு தெரிஞ்சுது. அதே பாடம், அதே முறை, கொஞ்சம் மெதுவா, கொஞ்சம் சத்தமா. நானும் இத செஞ்சிருக்கேன், பல வருஷம். பின்னம் புரியாதவங்களுக்கு திரும்பவும் அதே வட்டத்த வரைஞ்சு நிழல் போட்டு காமிச்சேன். எண்கோட்டுல 3/4 எங்க இருக்குன்னு வைக்கச் சொன்ன பிறகு தான் பின்னமும் ஒரு எண்ணுங்கறதே பசங்களுக்கு புரிஞ்சுதுன்னு கவனிச்சேன்.

மார்க் போட்டு குடுக்கறதா குறிப்பு எழுதி குடுக்கறதாங்கறதுக்கு சுருக்கமா: 1988ல ரூத் பட்லர் செஞ்ச ஆய்வுல குறிப்பு மட்டும் வாங்கின பசங்க தான் அடுத்த வேலைல முன்னேறினாங்க, மார்க்கும் குறிப்பும் சேத்து வாங்கினவங்களுக்கு அந்த பலன் கிடைக்கல, எண்ண பாத்ததும் கண்ணு எழுத்துக்கு போறதில்ல. ஸ்லிப்புக்கு மார்க்கே வேண்டாம், "நூறு இடத்துல இருந்த 5 இப்ப என்ன ஆச்சு?"ன்னு ஒரு கேள்வி எழுதுங்க.

இத்தனையும் ஒரு ஆள் செய்ய முடியுமான்னு கேட்டா, நான் இப்ப செய்றது இவ்ளோ தான். வாரத்துல ரெண்டு நாள் ரெண்டே கேள்வியோட ஸ்லிப். திருத்தறதில்ல, பிரிக்கிறேன்: ஒரே மாதிரி தப்பு ஒரு அடுக்கு, சரியானது ஒரு அடுக்கு, ஒண்ணும் எழுதாதது ஒரு அடுக்கு. நாப்பது ஸ்லிப்புக்கு இருபது நிமிஷம் ஆகும். பெரிய அடுக்கு எதுவோ அந்த தப்ப பேர் சொல்லாம மறுநாள் போர்டுல எழுதி, இப்படி யோசிச்சவங்க எதனால அப்படி யோசிச்சிருப்பாங்கன்னு க்ளாஸையே கேப்பேன். சரியான அடுக்குலேர்ந்தும் ரெண்டு பேர கூப்பிட்டு எப்படி போட்டேன்னு கேப்பேன், பென்னிக்காக. ஒண்ணும் எழுதாத அடுக்கு இருக்கே, அவங்ககிட்ட தான் முதல்ல போய் உக்காருவேன், நோட்டு பேனா இல்லாம, "கேள்விய எனக்கு வாசிச்சு காமிப்பா"ன்னு.